கரண்ட் பில்லில் இரண்டு பெயர்

பிள்ளைகளே, மூன்று மாதத்துக்கு முன்னால் நான் ஒரு பொய் சொன்னேன்.

சின்னப் பொய்தான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அது நியூசிலாந்து வரை போய், அங்கே ஒரு கோப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடிதமாகத் திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்தது.

“பிள்ளைங்க படிக்கிற பக்கத்துலயா இதை எழுதப் போறீங்க?” என்று என் மனைவி கமலா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ‘பொய் சொல்லாதீர்கள்’ என்று இதே இடத்தில் உங்களுக்கு எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்? அப்படி எழுதின கை இதையும் எழுதத்தானே வேண்டும்?

என் மகள் மஞ்சுளாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். சைக்கிள் பழகும்போது பிரேக் பிடிக்காமல் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தாளே, அவள்தான். இப்போது இருபத்தேழு வயது. நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் வேலை செய்தாள். வேலை விசா முடிந்தது, புதுப்பிக்க முடியவில்லை. இந்த வருடம் இலங்கைக்கே திரும்பி வந்துவிட்டாள். இங்கே ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் தற்காலிகமாக நிற்கிறாள்.

அவள் வந்துவிட்டாள்... ரித்தேஷ் அங்கே இருக்கிறார்.

ரித்தேஷ் யார்? பீஜித் தீவில் பிறந்து, நியூசிலாந்தில் குடியுரிமை பெற்ற பையன். அவருடைய பூட்டனையும் நம்முடைய ஆட்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் இறக்கினார்களாம். அவர்களும் லயத்தில்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில்தான் இருந்தார்களாம். அவருக்குத் தமிழ் வராது. ‘வணக்கம் மாமா’ மட்டும் வரும். அதை வீடியோவில் பாடமாக்கி ஒப்பிப்பதுபோல் சொல்வார். வருகிற தை மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில்.

அவர்கள் இரண்டு பேரும் இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகாமல்! மஞ்சுளா அதைத் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள்—தேங்காய் திருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். என் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் ஞாபகமில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவருக்கும் தெரியாது. புரிகிறதா? லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், “புள்ள அங்க லேடீஸ் ஹொஸ்டல்ல இருந்துச்சு” என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த ஹொஸ்டல் வளர்ந்தது. மாடி வைத்தேன். கேட் வைத்தேன். கண்டிப்பான ஒரு வார்டன் அம்மாவையும் வேலைக்கு வைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரித்தேஷ் அங்கிருந்து மஞ்சுளாவை அழைக்க விண்ணப்பம் போட்டார். ‘என் துணை’ என்று அவர் பொறுப்பெடுத்து அழைக்கிற விசா.

“தை மாசம் தாலி கட்டினதுக்கு அப்பறமா போட்டா என்னம்மா?” என்று கேட்டேன்.

“தாலி கட்டினாலும் இதைத்தாம்ப்பா கேப்பாங்க. கல்யாண சர்டிபிகேட்ட மட்டும் வச்சுக்கிட்டு அங்க ஒன்னும் நடக்காது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல நெசமா வாழ்ந்தாங்களான்னுதான் பார்ப்பாங்க.”

“அதை எப்படிப் பார்ப்பான்?”

அவள் ஒரு கோப்பை விரித்தாள். வீட்டு வாடகை ஒப்பந்தம்—இரண்டு பெயர். ஒரே விலாசத்துக்கு வந்த கடித உறைகள். அடுப்படியில் நின்று எடுத்த படம். கரண்ட் பில்—அதிலும் இரண்டு பெயர். யார் சமைப்பது, யார் துணி துவைப்பது என்றுகூட ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.

“தாலியக் கேக்கல... கரண்ட் பில்லக் கேக்குறானா?”

“ஆமாப்பா.”

“என்னா நாடு அது!”

நாங்கள் எதை மறைக்க மாடி கட்டி, கேட் போட்டு, வார்டன் வைத்தோமோ, அதையேதான் அந்த நாடு அத்தாட்சியோடு கொண்டுவா என்கிறது!

“அப்பா, உங்க நம்பரையும் குடுத்திருக்கேன். யாராவது கூப்பிட்டுக் கேட்டா தெரிஞ்சதைச் சொல்லுங்க” என்றாள் மஞ்சுளா.

சரி என்று தலையாட்டினேன். எந்தத் தெரிஞ்சதை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் நோர்வூட்டிலிருந்து மேலே ஏறவேண்டிய தோட்டம். வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. பீலியடியில், அதாவது லயத்துக்கே பொதுவான தண்ணீர்க் குழாயடியில், மட்டும்தான் கிடைக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கவும் செய்யும். இருபத்தாறு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற காது இது.

ஆக... நியூசிலாந்து என்னைக் கூப்பிட்டபோது நான் பீலியடியில் நின்றேன். போன் ஸ்பீக்கரில் கத்தியது. என்னைச் சுற்றிக் குடத்தோடு நான்கு பெண்கள்.

முதலில் விசா ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல். பிறகு தமிழில் ஒரு குரல், யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு.

“வணக்கம் ஐயா, நான் மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன். உங்கட மகள் இஞ்ச இருக்கேக்க எங்க, ஆரோட இருந்தவா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

நான்கு பேரில் லெச்சுமியின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மற்ற மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

என் வாய் தானாகத் திறந்தது.

“ஐயோ, அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க! எங்க புள்ள தங்கமான புள்ள. லேடீஸ் ஹொஸ்டல்லதான் இருந்துச்சு. வார்டன் அம்மா ரொம்பக் கண்டிப்பு!”

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மகளின் மானத்தைக் கடல் தாண்டிக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா!

நம்முடைய பழக்கமே இப்படித்தான், பிள்ளைகளே. கையில் கோப்போடு யார் கேள்வி கேட்டாலும், அவர் வாயை மூடுவதற்குள் மானத்தைக் காப்பாற்றுகிற பதில் நம்மிடம் தயாராக இருக்கும். ‘இந்த வீட்டில் யாராவது குடிப்பார்களா?’ என்று அதிகாரி கேட்டால், ‘சேச்சே’ என்போம். அவர் வாசலில் நிற்கும்போதே உள்ளே ஒருவர் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். அதிகாரி எதற்குக் கேட்கிறார், என்ன சொன்னால் நமக்கு நல்லது என்று யோசிப்பதே இல்லை.

சாயங்காலம் மஞ்சுளா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வாசலிலேயே அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அந்த நியூசிலாந்துக்காரி பேசினா. உன்னையப் பத்தி ஒரு சொல்லு தப்பா வராத மாதிரி சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

சொன்னேன்.

அவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஹொஸ்டலா?”

“ஆமா.”

“வார்டனுமா?”

“கண்டிப்பான வார்டன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அப்பா... நாங்க ஒன்னா இருந்தோம்னு ரெண்டு வருசத்துப் பேப்பர் குடுத்திருக்கோம். நீங்க ஒத்த வார்த்தையில எல்லாத்தையும் பொய்னு சொல்லிட்டீங்க. நல்ல புள்ளைன்னு சொல்லிச் சொல்லி என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களேப்பா!”

கமலா உள்ளேயிருந்து வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பத்து நாளில் கடிதம் வந்துவிட்டது. ஈமெயிலில்தான். மஞ்சுளா அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். ‘நீங்கள் துணைவரோடு வாழ்ந்ததாகச் சொல்கிறீர்கள். உங்கள் தகப்பனார் நீங்கள் விடுதியில் இருந்ததாகச் சொல்கிறார். இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தரவும். தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.’ பொய்யான தகவல் கொடுத்ததாக ஒருமுறை பதிந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு எந்த விசாவும் லேசில் கிடைக்காதாம். தை மாதம் தாலி கட்டிய பிறகும்கூட அவர் அங்கேயும் இவள் இங்கேயும் கிடக்க வேண்டியதுதான்.

எல்லாம் என் ஒரு நிமிடத்தால்.

என்ன செய்வது? நான் சொன்னது பொய் என்று நானே சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

சனிக்கிழமை ஹட்டனுக்குப் போனோம். ராஜமாணிக்கம் மாஸ்டர் வீடு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், இப்போது சமாதான நீதவான். எங்கள் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர். அவரிடம் போய் இந்த விஷயத்தை எந்த வாயால் சொல்வது? வழியெல்லாம் இருமிக்கொண்டே போனேன். சளி ஒன்றும் இல்லை.

கடைசியில் மஞ்சுளாவே சொல்லிவிட்டாள். மாஸ்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ம்... அடையாள அட்டை குடு. நீதான் இந்தப் புள்ளைக்குத் தகப்பன்ங்கறதுக்குப் பிறப்புச் சான்றிதழையும் குடு” என்றார்.

மகளின் பிறப்புச் சான்றிதழ் முழுக்கச் சிங்களத்தில் இருக்கும். நான் சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இருபத்தேழு வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசித்தார். ஒரு இடத்தில் நின்றார். மறுபடியும் வாசித்தார்.

“ஏம்ப்பா... நீ கமலாவைக் கல்யாணம் பண்ணலையா?”

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

“என்ன மாஸ்டர் கேக்குறீங்க! நீங்கதானே வந்து சாப்பிட்டீங்க!”

“சாப்பிட்டேன். பாயாசம்கூட ரெண்டு தடவை வாங்கினேன். ஆனா ‘பெற்றோர் விவாகமானவர்களா’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ‘இல்லை’ன்னு எழுதியிருக்கு.”

பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்கு இது புரியும். எங்கள் காலத்தில் தோட்டத்துக் கல்யாணம் எப்படி நடந்தது? கோயிலில் தாலி. தோட்டத்துத் தலைவர் முன்னால் மாலை. மறுநாள் தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னால், கிளாக்கர் ஐயா காம்பராப் புத்தகத்தை எடுத்து, ஒரு லயக் காம்பராவுக்கு, அதாவது ஓர் அறைக்கு, நேரே இரண்டு பேருடைய பெயரையும் எழுதுவார். அவ்வளவுதான்! அதற்கு மேலே ஒரு பதிவு இருக்கிறது, அதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது என்று யாரும் நினைக்கவும் இல்லை. டவுனுக்குப் போக ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழக்கவும் இல்லை.

மஞ்சுளா பிறந்ததைப் பதியப் போன நாள் ஞாபகம் வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார்—கல்யாண சான்றிதழ் இருக்கிறதா? ‘நே, மாத்தியா’ என்றேன். இல்லை, ஐயா. உண்மையைத்தான் சொன்னேன். அவர் குனிந்து எதையோ எழுதினார். நான் மகளுக்குப் பெயர் வைத்த சந்தோஷத்தில் இளித்துக்கொண்டு நின்றேன்.

அப்படியானால் அந்தத் தாளின்படி நானும் கமலாவும் யார்? கல்யாணம் ஆகாமல் ஒரே காம்பராவில் வாழ்கிற இரண்டு பேர்! இரண்டு வருடம் இல்லை, ஐயா... இருபத்தொன்பது வருடம்!

திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“முதல் விசாவுக்கு இங்கிலீஷுல மாத்தக் குடுத்தேன்ல, அப்பவே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க நொந்து போயிருவீங்கன்னுதான்.” பிறகு மெதுவாக, “ரித்தேஷும் அதைப் பார்த்துட்டுக் கேட்டாரு. ‘அது கிளாக்கரு பண்ணின பிழை, எங்க அப்பாகிட்ட சர்டிபிகேட் இருக்கு, பிரேம் போட்டு மாட்டி வச்சிருக்காரு’ன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

அவள் மானத்துக்காக நான் இங்கே ஒரு ஹொஸ்டல் கட்டினேன். என் மானத்துக்காக அவள் அங்கே ஒரு பிரேமே மாட்டியிருக்கிறாள்!

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். “கோயில்ல முறையாச் செஞ்சது கல்யாணந்தான். அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா கையில ஒரு துண்டுக் கடதாசி இல்லையேப்பா. இப்ப சொல்லு, என்ன எழுதட்டும்?”

மகளின் கோப்பு என் மடியில் இருந்தது. மேலேயே அந்தக் கரண்ட் பில். ஒரு வீடு, இரண்டு பெயர். எங்கள் காம்பராப் புத்தகத்திலும் அதுதானே இருந்தது? ஒரு காம்பரா, இரண்டு பெயர். அதைத்தானே நாங்கள் ரெஜிஸ்டர் என்று நம்பிக்கொண்டிருந்தோம்?

“நான் சொல்றதை அப்படியே எழுதுங்க மாஸ்டர்” என்றேன். ‘என் மகளும் ரித்தேஷும் ஒரே வீட்டில் இரண்டு வருடம் வாழ்ந்தது எனக்குத் தெரியும். ஹொஸ்டல் என்று ஒன்று இல்லை. வார்டன் என்று ஒருவரும் இல்லை. பக்கத்தில் ஆட்கள் நின்றதால் வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்.’ மாஸ்டர் டைப் செய்தார். தொழிற்சாலையில் முதல் சம்பளத்துக்குப் போட்ட நாளைப்போல, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்பினோம். காத்திருந்தோம். மஞ்சுளா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ரித்தேஷ் வீடியோவில் வந்து ‘வணக்கம் மாமா’ சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் போன் அடித்தது. எங்கே? பீலியடியில்தான். வேறெங்கே அடிக்கும்?

அதே குரல். “ஐயா, உங்கட கடிதம் கிடைச்சது. அதில இருக்கிறதைத் திருப்பி உங்கட வாயால சொல்லேலுமோ?”

சுற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற நாள். ஆட்கள் கூடியிருந்தார்கள். போனை அணைத்துவிடலாமா? சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா? ஒரு நொடி அப்படியும் யோசித்தேன், உங்களிடம் ஒளிக்கவில்லை. பிறகு, ரோலர் மெஷினுக்கு மேலாகப் பேசுகிற சத்தத்தில் சொன்னேன்.

“என் மகளும் அந்தத் தம்பியும் ரெண்டு வருசம் ஒரே வீட்டுலதான் இருந்தாங்க! எனக்குத் தெரியும். என் பொண்டாட்டிக்கும் தெரியும். நான் சொன்ன ஹொஸ்டல் பொய்!”

துணி அடிக்கிற சத்தம் நின்றது.

“ஏன் ஐயா முதல் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“அப்ப பக்கத்துல நாலு பேரு நின்னாங்க.”

“இப்ப ஒருத்தரும் இல்லையோ?”

“இப்ப ஏழு பேரு நிக்கிறாங்க.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வெள்ளைக்காரப் பெண் சிரித்துவிட்டார். சிரித்தபடியே நன்றி சொல்லி வைத்தார்.

நான் நிமிரவில்லை. லயமே என்ன சொல்லப்போகிறது? லெச்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இதை எங்ககிட்டச் சொல்லவா அண்ணே இவ்வளவு சத்தம் போட்டீங்க? எங்களுக்கு அப்பவே தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“அந்த வார்டன் அம்மா பேரு என்னான்னு கேக்குறப்பல்லாம் நீங்க வேற வேற பேரு சொன்னீங்க. இதுவரைக்கும் அஞ்சு பேரு ஆச்சு!”

ஏழு பேரும் சிரித்தார்கள். இத்தனை நாள் யாருக்குத் தெரியக்கூடாது என்று மகளின் வாழ்க்கையையே பணயம் வைத்தேனோ, அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது! எனக்கு உட்கார ஒரு கல் தேவைப்பட்டது.

விசா கிடைத்துவிட்டது, பிள்ளைகளே. போன வாரம் மஞ்சுளா புறப்பட்டுப் போனாள். தை மாதம் இரண்டு பேருமாக வருவார்கள்.

ஒரு வேண்டுகோள். இன்றைக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுங்கள். சிங்களம் தெரிந்த டீச்சரிடம் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அம்மா அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் கோபப்படாதீர்கள். அவர்களுக்கும் அது புதிதாக இருக்கும்.

நாங்கள் என்ன செய்தோம்? அறிவித்தல் கொடுத்து, நாள் வரும்வரை காத்திருந்து, மஞ்சுளா போவதற்கு நான்கு நாள் முன்னால் பதிவாளர் முன்னால் போய் நின்றோம். ஐம்பத்தாறு வயதில் ‘மணமாகாதவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் சாட்சி ராஜமாணிக்கம் மாஸ்டர். இரண்டாவது சாட்சி எங்கள் மகள்.

பதிவாளர் எங்கள் நரைத்த தலைகளைப் பார்த்துவிட்டு, “எத்தனை வருசமா ஒன்னா இருக்கீங்க?” என்று கேட்டார்.

நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன். கமலா பார்க்கவில்லை.

“இருபத்தொன்பது வருசம் சார். கரண்ட் பில்லு கொண்டாந்து காட்டணுமா?”